ஓடிக்கொண்டிருப்பது எந்தக் கோப்பு?

புது பைனரியை (கோடைக் கம்பைல் செய்து கிடைக்கும் ஓடும் கோப்பை) வாடிக்கையாளர்களுக்காக ஓடும் புரொடக்ஷன் சர்வரில் கொண்டுபோய் வைத்து ஓடவிட்ட மறு நொடி, சர்வீஸ் எழுந்திருக்காமல் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை. ஜிலிப்சி என்பது லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. கோடு எழுதியவரின் லேப்டாப்பில் உபுண்டு 22.04, அதில் ஜிலிப்சி 2.35. சர்வரில் உபுண்டு 20.04, அதில் 2.31. லேப்டாப்பில் ஒரு வாரமாக நன்றாக ஓடிய அதே கோப்பு இங்கே வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறது. அந்த நேரத்தில் கை தானாகப் போகும் இடம் ஒன்று உண்டு. சர்வரிலேயே ஜிசிசி கம்பைலரை இன்ஸ்டால் செய்து, கிட் களஞ்சியத்திலிருந்து கோடை இழுத்து, அங்கேயே மேக் கட்டளை அடித்துக் கம்பைல் செய்துவிடுவது. பத்து நிமிடத்தில் பிழை போய்விடும், சர்வீஸ் ஓடும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இந்தப் பழக்கத்தோடுதான் என்னால் ஒத்துப்போகவே முடியவில்லை. சோதித்துப் பார்த்த கோப்பு ஒன்று, வாடிக்கையாளருக்காக ஓடுகிற கோப்பு இன்னொன்று என்ற நிலைமை அந்தப் பத்து நிமிடத்தில்தான் உண்டாகிறது.

கோடு ஒன்றுதானே, எங்கே கம்பைல் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உபுண்டு 22.04 தருவது ஜிசிசி 11, 20.04 தருவது ஜிசிசி 9. அங்கே குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, இங்கே 1.1.1. சி, சி++ கோடில் எங்கோ ஒரு மூலையில் மதிப்பு கொடுக்காத மாறி ஒன்று கிடந்தால், ஒரு கம்பைலரின் ஆப்டிமைசர் அதைத் தற்செயலாகப் பூஜ்யமாக வைக்கும், இன்னொன்று குப்பையோடு விட்டுவிடும். டெஸ்டிங் குழு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தது முதல் பைனரியை. இரண்டாவதை யாரும் பார்க்கவில்லை. நாலு சர்வர் இருந்து, நாலிலும் தனித்தனியாகக் கம்பைல் செய்திருந்தால், ஒரே வெர்ஷன் எண்ணில் நாலு வெவ்வேறு கோப்புகள் ஓடுகின்றன. போதாக்குறைக்கு, 2 ஜிபி ரேம் உள்ள மெஷினில் பெரிய சி++ புரோகிராமை லிங்க் செய்தால் மெமரி தீர்ந்து கெர்னல் எதையாவது கொல்லும். அதன் கண்ணில் படும் பெரிய புரோசஸ், ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் சர்வீஸாகவே இருக்கலாம்.

ஆகவே பில்ட் ஒரு முறைதான். அந்தக் கோப்புதான் டெஸ்டிங்குக்குப் போக வேண்டும், அதே கோப்புதான் ஸ்டேஜிங் (ஒத்திகை சர்வர்) வழியாகப் புரொடக்ஷனுக்கும் போக வேண்டும். இடத்துக்கு இடம் மாறுகிற டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு, போர்ட் எல்லாம் கான்ஃபிக் கோப்பிலோ என்விரான்மென்ட் மாறிகளிலோ தனியாக இருக்கட்டும். புரொடக்ஷனுக்கு என்று ஒரு மேக்ரோ வைத்துத் தனியாகக் கம்பைல் செய்கிற வழக்கமும் சர்வரில் மேக் அடிப்பதற்குச் சமம்தான்.

பழைய மெஷினுக்குப் பழைய அடுப்பு

அந்த 2.34 பிழைக்கே வருவோம், அதில் புரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஜிலிப்சி தன் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வெர்ஷன் முத்திரை வைத்திருக்கிறது. கம்பைல் செய்யும் மெஷினில் எந்த முத்திரை இருக்கிறதோ அது பைனரிக்குள் பதிந்துவிடும். 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், அதுவரை தனியாக இருந்த த்ரெட் லைப்ரரியையும் வேறு சிலவற்றையும் மூல லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதோடு, மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடும் தொடக்கப் பகுதிக்கும் புது முத்திரை வந்தது. விளைவாக, ஒரு வரி அச்சிடும் சின்னஞ்சிறு புரோகிராம்கூட 2.34 அல்லது அதற்குப் பிந்தைய மெஷினில் கம்பைல் ஆனால் பழைய மெஷினில் ஓடாது. நீங்கள் எந்தப் புது வசதியையும் பயன்படுத்தவில்லை என்று வாதாடிப் பயனில்லை.

புதிய ஜிலிப்சியில் பழைய பைனரி ஓடும், பழையதில் புதியது ஓடாது. இந்த ஒருவழிப் பாதையைப் பிடித்துக்கொண்டால் தீர்வு கைக்கு வந்துவிடும்: நீங்கள் ஓட்ட வேண்டிய மெஷின்களிலேயே எது பழையதோ, அந்த வயதுள்ள சூழலில் கம்பைல் செய்யுங்கள். அதற்குப் பழைய மெஷின் வாங்க வேண்டியதில்லை, வேறொரு லினக்ஸ் சூழலை அதே மெஷினுக்குள் தனியாக ஓட்டும் டாக்கர் கன்டெய்னர் ஒன்று போதும். ஆர்எச்இஎல் 8 சர்வர்கள் இருந்தால் ஆல்மா லினக்ஸ் 8 இமேஜ் (ஜிலிப்சி 2.28), டெபியன் 11 இருந்தால் அதே இமேஜ் (2.31). பைத்தான் உலகம் இதை வெகுநாளாகச் செய்துவருகிறது. மெனிலினக்ஸ்2014 என்ற பெயரில் வரும் வீல் பொதிகள் சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிலிப்சி 2.17-ஐ அடிப்படையாகக் கொண்டவை. இப்படிப் பழைய ஜிலிப்சியில் கட்டுவதால்தான் நம்பை (கணிப்புக்கான பைத்தான் லைப்ரரி) மாதிரி ஒரே பொதி இத்தனை விதமான லினக்ஸ்களில் இறங்குகிறது. பழைய சூழல் என்றால் பழைய கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்ற பயமும் வேண்டாம். ரெட்ஹாட் தரும் ஜிசிசி டூல்செட் பொதியைப் போட்டால், பழைய ஜிலிப்சியின் மேல் புது ஜிசிசி கிடைக்கும். சி++ லைப்ரரியின் புதுப் பகுதிகளை அது பைனரிக்குள்ளேயே சேர்த்துத் தந்துவிடும்.

பில்ட் முடிந்ததும் ஆப்ஜ்டம்ப் கருவியால் டைனமிக் சிம்பல்களை (பைனரி வெளி லைப்ரரிகளிடம் கேட்கும் பெயர்களை) எடுத்து, அதில் ஜிலிப்சி முத்திரைகளை மட்டும் வடிகட்டி, வெர்ஷன் வரிசையில் அடுக்கிக் கடைசி எண்ணைப் பாருங்கள். அதுதான் இந்தப் பைனரி கேட்கும் குறைந்தபட்ச ஜிலிப்சி. பில்ட் ஸ்கிரிப்டிலேயே இந்தச் சோதனையை வைத்து, 2.28-ஐத் தாண்டினால் பில்ட் விழட்டும் என்று எழுதிவிட்டால், அந்தப் பிழை இனி சர்வர் வரை போகாது. செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. வேறொரு மெஷினிலிருந்து ஜிலிப்சியைத் தூக்கிவந்து சர்வரின் சிஸ்டம் கோப்பகத்தில் போடுவது. அந்த மெஷினில் எல்எஸ் முதல் எஸ்எஸ்எச் வரை எல்லாமே அந்த ஒரு கோப்பைத்தான் நம்பியிருக்கின்றன. பொருந்தாமல் போனால் உள்ளே நுழையவே வழி இருக்காது.

லைப்ரரிகளைப் பைனரிக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக் லிங்க் செய்துவிட்டால் தொல்லையே இல்லை என்பார்கள். பாதி உண்மை. ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காகச் சேர்த்தாலும், டிஎன்எஸ் பெயர் தேடும் பகுதி ஓடும் நேரத்தில் சர்வரின் லைப்ரரியைத் தேடிப் போகும், அதுவும் அதே வெர்ஷனை எதிர்பார்க்கும். லிங்க் செய்யும்போதே ஒரு வார்னிங் வரும். யாரும் படிப்பதில்லை. முழு ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரி நல்லது, ரஸ்ட் மொழியில் அதற்கென்றே டார்கெட் இருக்கிறது. ஆனால் நிறைய த்ரெட்கள் ஒரே சமயத்தில் மெமரி கேட்கும் சர்வர் என்றால் மசலின் மெமரி ஒதுக்கீடு மந்தமாகிவிடும், ஜெமல்லாக் மாதிரி வேறொரு மெமரி ஒதுக்கும் லைப்ரரியைச் சேர்த்து அளந்து பார்க்க வேண்டும். கோ மொழியில் எல்லாமே ஸ்டாட்டிக் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நெட் பேக்கேஜைச் சேர்த்த கோ புரோகிராம், சி கம்பைலர் இருக்கும் லினக்ஸ் மெஷினில் சி-கோ (கோ மொழியிலிருந்து சி கோடைக் கூப்பிடும் வசதி) வழியாக ஜிலிப்சியோடு இணையும். கோ 1.20-இலிருந்து, சி கம்பைலர் இல்லாத மெஷினில் சி-கோ தானாகவே அணைந்துவிடும். ஆக, அதே கோடு, அதே கோ வெர்ஷன், ஆனால் ஒரு மெஷினில் டைனமிக் பைனரி, இன்னொன்றில் ஸ்டாட்டிக் பைனரி. சி-கோ மாறியைப் பில்ட் ஸ்கிரிப்டில் 0 அல்லது 1 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், மெஷினின் போக்குக்கு விடாதீர்கள்.

ஸ்டாட்டிக் பைனரியை வெற்றுக் கன்டெய்னரில் வைக்கும்போது காணாமல் போகும் இரண்டு பொருட்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எச்டிடிபிஎஸ் அழைப்புக்குத் தேவையான சான்றிதழ்த் தொகுப்பு. மற்றொன்று, டைம்ஸோன் தரவு. ஏசியா/கொல்கத்தா என்று கேட்கும் இடத்தில் தெரியாத டைம்ஸோன் என்று பிழை வரும். கோ மொழியில் டைம் பேக்கேஜின் டிஇசட்டேட்டாவை இம்போர்ட் செய்தால் பைனரி சுமார் 450 கேபி கூடும், பிரச்சினை தீரும். ஜிலிப்சிக்குப் பதில் மசலோடு வரும் ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சி பைனரியை வைத்தால் வரும் பிழை இன்னும் குழப்பும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஓடவிட்டால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஷெல் சொல்லும். அது தேடுவது உங்கள் கோப்பை அல்ல, அந்தக் கோப்பு தனக்கு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் லோடரை (பைனரியை மெமரியில் ஏற்றி லைப்ரரிகளோடு இணைக்கும் புரோகிராமை).

ப்ராசஸரும் பார்க்க வேண்டிய ஒன்று. வேகத்துக்காக மார்ச்-நேட்டிவ் என்ற ஃப்ளாகைப் போட்டுக் கம்பைல் செய்தால், பில்ட் மெஷினின் சிபியுவில் உள்ள அத்தனை கட்டளைகளையும் கம்பைலர் பயன்படுத்தும். இன்டெலின் ஐவி பிரிட்ஜ் தலைமுறை ஸியான் ப்ராசஸரில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கிடையாது, அவை 2013-இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தன. அங்கே அப்படி ஒரு கட்டளை வந்ததும் புரோசஸ் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று செத்துவிடும். தொடக்கத்திலேயே சாகாது என்பதுதான் கொடுமை. அந்தக் கட்டளை எந்த ஃபங்ஷனில் இருக்கிறதோ, அதை யாராவது தொடும்வரை எல்லாம் நன்றாக ஓடும். எக்ஸ்86-64-வி2 அல்லது வி3 என்று ப்ராசஸர் திறனின் அளவை எழுதி வைத்துக் கம்பைல் செய்வது நல்லது, உங்கள் மெஷின்களில் எது கீழ்நிலையோ அதற்கேற்ப.

கோப்பு மாறுகிற கணம்

டீபக் தகவலைத் தனிக் கோப்பாகப் பத்திரப்படுத்தி, பைனரியிலிருந்து அதை நீக்கி (ஸ்ட்ரிப் செய்து), அதன்பிறகு ஷா256 எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) எடுங்கள். முதலில் எண் எடுத்துப் பிறகு ஸ்ட்ரிப் செய்தால் எண் மாறிவிடும். பில்ட்-ஐடி (பில்டின்போது பைனரிக்குள் பதியும் அடையாள எண்) மட்டும் ஸ்ட்ரிப்புக்குப் பிறகும் அப்படியே இருக்கும், கோர் டம்ப் (செத்த புரோசஸின் மெமரி நகல்) வந்தால் எந்த டீபக் கோப்பு பொருந்தும் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்வரில் கோப்பை வைக்கும் அந்த ஒரு நொடியில்தான் அதிக விபத்து. ஓடிக்கொண்டிருக்கும் பைனரியின் மேலேயே சிபி (நகலெடுக்கும் கட்டளை) அடித்தால், டெக்ஸ்ட் ஃபைல் பிஸி என்று கெர்னல் மறுக்கும். அது உங்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் புரோகிராம்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் .எஸ்ஓ லைப்ரரிக்கு அந்தக் காவல் கிடையாது. சிபி அதே ஐனோடை (பெயருக்குப் பின்னால் வட்டில் இருக்கும் உண்மையான கோப்பை) திறந்து, உள்ளே இருப்பதை அழித்து, புதியதை எழுதும். ஓடும் புரோசஸ் அந்த ஐனோடைத் தன் மெமரியில் விரித்து வைத்திருக்கிறது. பழைய ஃபங்ஷன் இருந்த இடத்தில் திடீரென்று வேறு பைட்டுகள். அடுத்த அழைப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட். கோப்பை மாற்றினேன், இன்னும் ரீஸ்டார்ட்கூட செய்யவில்லை, ஏன் விழுந்தது என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. புதுப் பெயரில் எழுதி, முடிந்தபின் எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றினால், பழைய ஐனோடு பழைய புரோசஸுக்காக அப்படியே உயிரோடு இருக்கும், பெயர் மட்டும் புதியதைக் காட்டும். ரினேம் என்பது கெர்னலில் ஒரே வெட்டில் நடக்கிற காரியம், பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு பெயரும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்க வேண்டும். /டெம்ப் தனி பார்ட்டிஷனாக இருந்து அங்கிருந்து எம்வி செய்தால், அது உள்ளுக்குள் நகலெடுத்து அழிப்பதுதான்.

இதைவிட நல்லது, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு கோப்பகம், அவற்றில் ஒன்றைச் சுட்டும் கரண்ட் என்ற சிம்பாலிக் லிங்க். புது லிங்கைத் தற்காலிகப் பெயரில் உருவாக்கி, பெரிய டி ஆப்ஷனோடு எம்வி செய்து கரண்ட் மேல் வைக்க வேண்டும். அந்த டி-யை விட்டுவிட்டால், கரண்ட் சுட்டும் கோப்பகத்துக்குள் போய் லிங்க் உட்கார்ந்துகொள்ளும். பிழை எதுவும் வராது, பழைய வெர்ஷனே தொடர்ந்து ஓடும். கடைசி ஐந்து வெர்ஷன்களை அழிக்காமல் வைத்திருந்தால், திரும்பிப் போவது லிங்கை மாற்றி ரீஸ்டார்ட் செய்கிற வேலை மட்டுமே.

ரெட்ஹாட் குடும்பத்து மெஷின்களில் இன்னொரு பொறி இருக்கிறது. வீட்டுக் கோப்பகத்தில் இறக்கிய பைனரியை எம்வி செய்தால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் பழைய முத்திரையும் கூடவே வரும். பெர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 203 என்ற எண்ணோடு சர்வீஸை எழுப்ப மறுக்கும். முத்திரையைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் சரியாகும். அதேபோல், 80-ஆம் போர்ட்டுக்காகப் பைனரிக்கு செட்கேப் கட்டளையால் அனுமதி கொடுத்திருந்தால், புதுக் கோப்பில் அது இருக்காது. ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துக் கொடுப்பதைவிட, சிஸ்டம்டி யூனிட் கோப்பில் ஆம்பியன்ட் கேப்பபிலிட்டி வரியாக எழுதிவிடுவது நிலையானது.

எட்டாவது சர்வர்

பைனரியைக் கொண்டுபோய் வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பவர்களுக்கு, நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசி 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக அன்று ஒரு புதுத் திட்டம் தொடங்கியது. அதற்கான புதுக் கோடை, ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் ஸ்மார்ஸ் என்ற தங்கள் சிஸ்டத்தில், ஜூலை 27 முதல் கட்டம் கட்டமாக ஏற்றினார்கள். மொத்தம் எட்டு சர்வர். ஒன்றில் மட்டும் ஏற்ற விட்டுப்போனது. இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

பழைய கோடோடு ஒரு சர்வர் ஓடினால் புது வசதி அங்கே கிடைக்காது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் புது வசதியை இயக்க அவர்கள் எடுத்துக்கொண்ட ஃப்ளாக் (ஆர்டரோடு வரும் அடையாளக் குறி), முன்பு பவர் பெக் என்ற வேறொரு வசதிக்கு இருந்த ஃப்ளாக். பவர் பெக்கை 2003-லேயே நிறுத்திவிட்டார்கள், கோடை மட்டும் அழிக்கவில்லை. எத்தனை பங்கு நிறைவேறியது என்று எண்ணி, போதும் என்று நிறுத்தும் பகுதியை 2005-இல் வேறிடத்துக்கு மாற்றினார்கள், பவர் பெக்கைத் திரும்பச் சோதிக்கவில்லை. ஆகஸ்ட் 1 காலை அந்த ஃப்ளாகோடு ஆர்டர்கள் வந்தன. ஏழு சர்வர்கள் புது அர்த்தத்தில் புரிந்துகொண்டன. எட்டாவது சர்வர் ஒன்பது வருடத் தூக்கத்திலிருந்து பவர் பெக்கை எழுப்பியது. நிறுத்தச் சொல்லும் பகுதி அதற்கு எட்டாததால், நிறைவேறிய ஆர்டரையே மறுபடி மறுபடி சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெறும் 212 சிறு ஆர்டர்களிலிருந்து சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனை, 154 நிறுவனங்களின் 39.7 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். எஸ்இசி விதித்த 1.2 கோடி டாலர் அபராதம் பிறகு வந்தது.

இதில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது அந்த 45 நிமிடம். எங்கே தவறு என்று தெரியாமல், கோளாறு புதுக் கோடில்தான் இருக்கும் என்று எண்ணி, சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். ஃப்ளாக் அப்படியே வந்துகொண்டிருந்தது. அதுவரை ஒன்று செய்துகொண்டிருந்ததை இப்போது அந்த ஏழும் செய்யத் தொடங்கின. பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது எப்போதும் பாதுகாப்பானது என்று நாம் எல்லோரும் மனதுக்குள் வைத்திருக்கிறோம். எந்த மெஷினில் எந்தக் கோப்பு ஓடுகிறது என்று தெரியாதபோது அந்த நம்பிக்கைக்கு அடித்தளமே இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே, பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது என்று 97 மின்னஞ்சல்கள் அவர்களின் சிஸ்டத்திலிருந்தே ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கைக்கென்று வடிவமைத்தவை அல்ல என்பதால் யாரும் அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

ஃப்ளாகின் பெயரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், செத்த கோடை அழியுங்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் அவற்றுக்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எட்டும் ஒன்றா? அதற்கு விடை சொல்ல டிப்ளாய் ஸ்கிரிப்டின் லாகைக் காட்டினால் போதாது, அது நாம் செய்ய நினைத்ததைச் சொல்கிறது. வட்டில் உள்ள கோப்பின் ஷா256-ஐ எடுப்பதும் முழு விடை அல்ல. கோப்பை மாற்றி, ரீஸ்டார்ட் செய்ய மறந்திருந்தால், வட்டில் புதியது, மெமரியில் பழையது.

லினக்ஸில் இதற்கு நேரடியான வழி இருக்கிறது. /ப்ராக் கோப்பகத்தில் ஒவ்வொரு புரோசஸ் எண்ணுக்கும் கீழே எக்ஸி என்று ஒரு லிங்க் உண்டு. அது அந்தப் புரோசஸ் எந்த ஐனோடிலிருந்து எழுந்ததோ அதையே சுட்டும். கோப்பை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால், ரீட்லிங்க் கொடுத்ததும் பாதையின் கடைசியில் டிலீட்டட் என்ற சொல் தெரியும். இன்னும் அருமையான விஷயம், பெயர் அழிந்த பிறகும் அந்த லிங்க் வழியாக உள்ளடக்கத்தைப் படிக்கலாம். ஷா256சம் கட்டளைக்கு அந்த எக்ஸி பாதையைக் கொடுத்தால், இந்த நொடியில் உண்மையாக ஓடும் பைனரியின் எண் வரும். அதே கோப்பகத்தில் மேப்ஸ் என்ற கோப்பைத் திறந்து .எஸ்ஓ வரிகளைப் பார்த்தால் லைப்ரரிகளின் கதையும் தெரியும். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பாதுகாப்புத் திருத்தம் போட்டு மூன்று மாதம் ஆகியும், ரீஸ்டார்ட் ஆகாத சர்வீஸ் பழைய ஓட்டை லைப்ரரியோடு ஓடுவது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

டிப்ளாயின் கடைசிப் படியாக இதை வையுங்கள். வரும் கோரிக்கைகளை மெஷின்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரிலிருந்து ஒரு மெஷினை எடுத்து, லிங்கை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, எக்ஸியின் எண்ணைப் பில்ட் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் திரும்பச் சேர்த்து, அடுத்ததுக்குப் போவது. கடைசி மெஷின் முடிந்ததும், எல்லா மெஷினிலும் ஒரு முறை மறுபடி ஓட்டி, வந்த எண்களை வரிசைப்படுத்தி, மீண்டும் வருவதை நீக்கிப் பார்த்தால், திரையில் ஒரு வரி மட்டும் மிஞ்ச வேண்டும். இரண்டு வரி வந்தால் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.